எட்னாவின் அந்தி வெளிச்சம்

எட்னாவைப் பகலில் பார்ப்பவர்களுக்குப் புகை தெரியும்; இரவில் பார்ப்பவர்களுக்கு நெருப்பு தெரியும். மலை இரண்டு வேளையும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் பாறைக் குழம்பு நண்பகலில் எவ்வளவு ஒளி விடுகிறதோ, நள்ளிரவிலும் அவ்வளவேதான் விடுகிறது. மாறுவது வானம். சூரிய வெளிச்சம் படிப்படியாகக் குறைந்து, மலையின் சொந்த வெளிச்சத்துக்கும் கீழே இறங்கும் ஒரு கட்டம் உண்டு. அந்தியில் அரைமணி நேரத்துக்குள் அது வந்துவிடுகிறது. சிசிலித் தீவில் எட்னாவுக்கு மாலை ஜீப் பயணங்கள் நடத்துகிறார்கள். மேற்கு வானத்தின் அழகுக்காகத்தான் மக்கள் அதில் ஏறுகிறார்கள் என்றாலும், அந்த நேரம் பொருத்தமாக அமைவதற்கு இந்த இயற்பியல்தான் மெய்யான காரணம் என்பேன்.

எட்னா சிசிலியின் கிழக்குக் கரையில், அயோனியக் கடலை ஒட்டி எழுகிறது. ஐரோப்பாவில் இன்னும் இயங்கும் எரிமலைகளில் இதுவே பெரியது, உயரமானது. எவ்வளவு உயரம் என்று கேட்டால் எந்த ஆண்டில் என்று திருப்பிக் கேட்க வேண்டும். 2021இல் தென்கிழக்கு வாயின் விளிம்பை 3,357 மீட்டர் என்று அளந்தார்கள். 2024 கோடையில் வொராஜினே என்ற நடு வாய் தன்னைச் சுற்றிக் கல்லும் சாம்பலும் குவித்துக்கொண்டு 3,369 மீட்டருக்கு உயர்ந்துவிட்டது. உச்சியில் இப்படி நான்கு வாய்கள். சரிவெங்கும், ஒருமுறை வெடித்து அடங்கிய சிறு கூம்புகள் நூற்றுக்கணக்கில். இந்த மலையின் சீற்றங்களைப் பற்றி மனிதர்கள் ஏறத்தாழ 2,700 ஆண்டுகளாக எழுதி வைத்திருக்கிறார்கள். உலகில் வேறு எந்த எரிமலைக்கும் இவ்வளவு நீண்ட குறிப்பேடு கிடைப்பது அரிது. 2013இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று.

பெரும்பாலான பயணங்கள் பிற்பகலில், மலையடியில் இருக்கும் கட்டானியா நகரத்திலிருந்து புறப்படுகின்றன. வண்டி ஏறுவதற்கு முன்பே எரிமலையைத் தொட்டுப் பார்த்துவிடலாம். நகரத்தின் நடைபாதைக் கல், சுவர், தேவாலயப் படி எல்லாம் கறுப்பு. எல்லாம் ஆறிய லாவா. பேராலயச் சதுக்கத்தில் முதுகில் எகிப்தியத் தூண் சுமந்து நிற்கும் யானைச் சிலையும் லாவாக் கல்லில் செதுக்கியதே. 13ஆம் நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் கட்டிய கஸ்தெல்லோ உர்சினோ என்ற கோட்டை அப்போது கடலோரத்தில் இருந்தது. இன்று அது நகரத் தெருக்களுக்கு நடுவே நிற்கிறது. கோட்டை நகரவில்லை. 1669இல் வந்த லாவா அதைச் சுற்றி வளைத்து, அகழியை நிரப்பி, கடலுக்குள் இறங்கிக் கரையையே தள்ளி வைத்துவிட்டது.

அந்த 1669ஆம் ஆண்டுக் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மார்ச் 11 அன்று உச்சியில் அல்ல, வெகு கீழே நிக்கோலோசி என்ற ஊருக்குப் பக்கத்தில் நிலம் பிளந்தது. நான்கு மாதம் லாவா ஓடியது. வழியில் இருந்த ஊர்களை மூடிக்கொண்டு கட்டானியாவின் மதிலுக்கு வந்து சேர்ந்தது. அப்போது தியேகோ பப்பலார்தோ என்பவர் ஐம்பது பேரைத் திரட்டிக்கொண்டு மேலே போனார். அனல் தாங்க நனைத்த மாட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு, இரும்புக் கடப்பாரைகளால் லாவா ஆற்றின் கரையை இடித்தார்கள். லாவா ஓடும்போது அதன் ஓரங்கள் முதலில் ஆறி இறுகித் தாமாகவே கரை எழுப்பிக்கொள்ளும். அந்தக் கரையை உடைத்தால் ஓட்டம் பக்கவாட்டில் திரும்பும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது நடக்கவும் செய்தது. ஆனால் திரும்பிய லாவா பத்தெர்னோ என்ற வேறொரு ஊரின் திசையில் போகத் தொடங்கியது. பத்தெர்னோவிலிருந்து ஐந்நூறு பேர் ஆயுதங்களோடு வந்து அவர்களை விரட்டினார்கள். உடைப்பு மறுபடி அடைத்துக்கொண்டது. எரிமலையோடு மனிதன் மோதிய வரலாற்றில் இதைவிட எனக்கு முக்கியமாகப் படும் நிகழ்ச்சி வேறில்லை. பாய்மம் எப்படி நடந்துகொள்ளும் என்ற அறிவும், அந்த அறிவைப் பயன்படுத்தினால் யார் தலையில் விடியும் என்ற கேள்வியும் ஒரே நாளில், ஒரே இடத்தில் எழுந்தன.

வண்டி மேலே ஏறத் தொடங்கியதும் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோப்புகள், பிறகு திராட்சைத் தோட்டங்கள், பிறகு செஸ்ட்நட் காடு, பைன் காடு என்று தாவரங்கள் அடுக்கடுக்காக மாறுகின்றன. உயரம் கூடக் கூடக் குளிர் கூடுவதால் வரும் இந்த அடுக்குகளை எந்த உயர்ந்த மலையிலும் பார்க்கலாம். எட்னாவில் அதற்குக் குறுக்கே இன்னொரு வரிசை ஓடுகிறது. அது காலத்தின் வரிசை. பச்சைக் காட்டின் நடுவே திடீரென்று ஒரு கறுப்புப் பட்டை வரும். ஏதோ ஓர் ஆண்டில் இறங்கிய லாவா. நல்ல வழிகாட்டிகள் அதன் வயதை நிறத்திலேயே சொல்வார்கள். அண்மையில் வந்தது கருகருவென்று இருக்கும். சில பத்தாண்டுகள் ஆனதன்மேல் சாம்பல் நிறத்தில் பூத்தாற்போல ஒரு படலம். அது ஸ்டீரியோகாலோன் என்னும் பாசிக்காளான். பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் அந்த உயிர் மண்ணே இல்லாத பாறையில் குடியேறி, பாறையின் தோலை மெல்லக் கரைக்கிறது. அதன் சிதைவும் காற்று கொண்டுவரும் தூசியும் சேர்ந்து விரிசல்களில் ஒரு சிட்டிகை மண் உண்டானதும் சிறு செடிகள் வருகின்றன. பிறகு எட்னாவுக்கே பெயர்பெற்ற ஜெனிஸ்தா புதர்கள் வேரூன்றி, கோடையின் தொடக்கத்தில் சரிவு முழுவதையும் மஞ்சளாக்குகின்றன. பாறை மண்ணாவதற்கு நூற்றாண்டுகள் ஆகும். அப்படி ஆன மண்ணில்தான் கீழே திராட்சை விளைகிறது. மக்கள் இந்த மலையை விட்டுப் போகாததற்குக் காரணம் தேடி வேறெங்கும் போக வேண்டாம்.

தென்கிழக்குச் சரிவில் சஃபெரானா என்ற ஊர் தேனுக்குப் பேர்போனது. பல வண்டிகள் அங்கே நின்று தேன் சுவைக்க வைக்கின்றன. அந்த ஊர் இன்று இருப்பதே பெரிய செய்தி. 1991 டிசம்பர் 14 அன்று தொடங்கிய வெடிப்பு 473 நாள் நீடித்தது. லாவா ஊரை நோக்கி வந்தது. மண்ணைக் குவித்து 20 மீட்டருக்கு மேல் உயரமான அணை கட்டினார்கள். சில மாதங்களில் லாவா அதையும் நிரப்பித் தாண்டியது. அமெரிக்க ஹெலிகாப்டர்கள் கான்கிரீட் கட்டைகளைக் கொண்டுபோய் லாவாவின் பாதையில் போட்டுப் பார்த்தன. கடைசியில் 1992 மே மாத இறுதியில், ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில், வாய்க்கருகே லாவா ஓடிய கால்வாயின் சுவரில் 7 டன் வெடிமருந்தை வைத்துத் தகர்த்து, அருகில் வெட்டி வைத்திருந்த செயற்கைக் கால்வாய்க்குள் ஓட்டத்தைத் திருப்பினார்கள். முன்பு ஐம்பது பேர் கடப்பாரையால் செய்ய முயன்றது இதே காரியம்தான். இந்த முறை திரும்பிய லாவா யாருடைய ஊருக்கும் போகவில்லை, ஆளில்லாத பள்ளத்தாக்கிலேயே பரவியது. சஃபெரானாவை நோக்கி வந்த கிளை ஊருக்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் நின்றுபோனது.

லாவா அவ்வளவு தொலைவு எப்படி வந்தது? அதற்கான விடைக்குள்ளேயே பயணிகளை நடத்திக் கூட்டிப்போகிறார்கள். ஹெல்மெட்டும் டார்ச்சும் தந்து இறக்கிவிடும் லாவாக் குகைகள்தான் அந்த விடை. திறந்த வெளியில் ஓடும் லாவாவின் மேற்பரப்பு ஆறி ஓடு கட்டுகிறது. ஓடு தடித்துக் கூரையாகிறது. கூரைக்கடியில் உருகிய பாறை தொடர்ந்து ஓடுகிறது. வாயுக் குமிழிகள் நிறைந்த பாறை வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால் மூடிய குழாய்க்குள் பல கிலோமீட்டர் போனாலும் லாவாவின் சூடு சில டிகிரிதான் குறைகிறது. ஊற்று நின்றதும் உள்ளே இருந்த கடைசிக் குழம்பு வடிந்து போய்விடுகிறது. மிச்சம் ஒரு சுரங்கம். அதன் சுவரில் லாவா மட்டம் தாழத் தாழ விட்டுச்சென்ற கோடுகள் தெரியும். கூரையில் பாறை உருகிச் சொட்டி உறைந்த முனைகள் தொங்கும்.

இந்தக் குகைகளுக்கு இன்னொரு வாழ்வும் உண்டு. குளிர்காலத்தில் எட்னாவில் நிறையப் பனி பெய்கிறது. பழைய நாட்களில் அந்தப் பனியைக் குகைகளிலும் குழிகளிலும் அமுக்கி வைத்து, கோடையில் பாளம் பாளமாக வெட்டிக் கீழே இறக்கி விற்றார்கள். மால்டா தீவு வரைக்கும் கப்பலில் போனது. சிசிலியின் கிரானீத்தா என்ற பனிக்கூழ் அந்த வணிகத்தில் பிறந்தது. வடக்குச் சரிவில், 1614 முதல் 1624 வரை ஓடிய லாவாவில் உண்டான ஒரு குகைக்குள் கோடையிலும் பனிக்கட்டி கரையாமல் கிடக்கும். ஆயிரம் டிகிரி வெப்பத்தை வெளியே விடாமல் காத்த அதே சுவர், பிறகு வெயிலை உள்ளே விடாமல் பனியைக் காக்கிறது. வெப்பம் கடத்தாத பொருளுக்கு எந்தப் பக்கம் சூடு, எந்தப் பக்கம் குளிர் என்பது ஒரு பொருட்டல்ல. படிக்கும்போது சாதாரணமாகத் தோன்றும் இந்த விதி, அந்த இருட்டுக்குள் நின்று யோசிக்கும்போது எவ்வளவு பெரிதாக விரிகிறது!

தார்ச்சாலை முடிந்த பிறகுதான் ஜீப்புக்கு வேலை. எட்னாவின் பெரும்பாலான லாவா வழவழப்பாக உறைவதில்லை. ஓடும்போதே மேலோடு நொறுங்கி, முள்முள்ளான கட்டிகளாகப் புரண்டு வருகிறது. செருப்போடு நடந்தால் கால் கிழியும். மேலே போகப் போகக் கறுப்புச் சரளையும் சாம்பலும். ஏறத்தாழ 1,900 மீட்டரில், 1892ஆம் ஆண்டு வெடிப்பில் உண்டான சில்வெஸ்ட்ரி கூம்புகளின் விளிம்பில் ஏறி நிற்கலாம். நுரைத்த கல் துண்டுகள் வானில் எறியப்பட்டு, வாயைச் சுற்றி விழுந்து குவிந்த மேடுகள் அவை. சூடாக விழுந்த துண்டுகளில் இருந்த இரும்பு நீராவியோடும் காற்றோடும் சேர்ந்து துருப்பிடித்ததால் விளிம்பெல்லாம் செங்கல் நிறம்.

ஆனால் பயணத்தில் எனக்கு முதன்மையான இடம் வாலே டெல் போவே. மலையின் கிழக்குப் பக்கத்தில், நீளவாக்கில் ஏழு கிலோமீட்டரும் குறுக்கே ஐந்து கிலோமீட்டரும் கொண்ட ஒரு மாபெரும் பள்ளம். சில இடங்களில் சுவர் ஆயிரம் மீட்டர் உயரம். இது வெடித்து உண்டானதல்ல, மலையின் ஒரு பகுதியே சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சரிந்து போனதால் உண்டானது. சரிந்த சுவரில் பழைய எரிமலைகளின் அடுக்குகளும், அவற்றைக் குறுக்கே கிழித்து மேலேறி உறைந்த மாக்மாச் சுவர்களும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. எட்னாவின் உள்ளுறுப்புகளைப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. சரிவு முடிந்துபோன கதையும் அல்ல. துல்லியமான ஜிபிஎஸ் அளவீடுகளைக் கொண்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வு, மலை முழுவதுமே ஆண்டுக்கு 14 மில்லிமீட்டர் வீதம் கடல் பக்கமாக நகர்ந்துகொண்டிருக்கிறது என்று காட்டியது.

ஜீப் இதற்கு மேல் போகாது. உச்சி வாய்களுக்கு அருகே போக, அனுமதி பெற்ற எரிமலை வழிகாட்டிகள் வேண்டும். மலையின் நிலையைப் பொறுத்து அதுவும் பல நாள் தடைசெய்யப்படும். இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன. 1979 செப்டம்பரில் போக்கா நுவோவா வாயில் நடந்த ஒரே வெடிப்பில் ஒன்பது சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அது லாவா பொங்கிய நாளே அல்ல. 2017 மார்ச்சில் மெல்ல ஓடிக்கொண்டிருந்த லாவா பனியின்மேல் ஏறியது. தண்ணீர் நீராவியானால் ஏறத்தாழ 1,700 மடங்கு விரியும். அடியில் சிக்கிய நீராவி வெடித்துக் கற்களை வீசியதில் பத்துப் பேர் காயமடைந்தார்கள். 2025 ஜூன் 2 அன்று தென்கிழக்கு வாயின் ஒரு பக்கம் சரிந்து, சூடான வாயுவும் சாம்பலும் கல்லும் கலந்த மேகம் சரிவில் பாய்ந்திறங்கியது. சுற்றுலாப் பயணிகள் ஓடி இறங்கினார்கள், யாரும் இறக்கவில்லை. கட்டானியாவில் இருக்கும் கண்காணிப்பு மையத்தில் நில அதிர்வையும் வாயுவின் அளவையும் வெப்பக் கேமராக்களையும் இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பெரிய வெடிப்புகளுக்குச் சில மணி நேரம் முன்பே நிலத்தின் மெல்லிய நடுக்கம் கூடத் தொடங்கும். 1979இல் கொன்றது போன்ற திடீர் வெடிப்புக்கு அப்படி முன்னறிவிப்புக் கிடைக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே "இன்றைக்கு மேலே போக வேண்டாம்" என்று சொல்லும் வழிகாட்டிதான் சிறந்த வழிகாட்டி. கட்டணம் கட்டிவிட்டோம் என்பதற்காக அவரிடம் வாதாடக் கூடாது. தொலைவில் நின்று பார்ப்பதில் பெரிய இழப்பும் இல்லை. அந்தி காட்டப்போவதெல்லாம் அங்கிருந்தே தெரியும்.

முதலில் கிழக்கே திரும்ப வேண்டும். எல்லாரும் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் மலையின் நிழல் கடல்மேல் நீள்கிறது. சூரியன் தொடுவானத்துக்கு மூன்று டிகிரி மேலே இருக்கும்போதே எட்னாவின் நிழல் அறுபது கிலோமீட்டர் போய்விடும். கோடையில் சூரியன் வடமேற்கே சாய்வதால் நிழல் தென்கிழக்கே திறந்த கடலில் விழும். குளிர்காலத்தில் வடகிழக்கே திரும்பி இத்தாலியின் கலாப்ரியா பக்கம் போகும். மேலிருந்து பார்ப்பவருக்கு அந்த நிழல் கூர்மையான முக்கோணமாகத் தெரியும். எட்னா கூம்பு வடிவம் என்பதால்தான் அப்படி என்று தோன்றும். உண்மை அதுவல்ல. உச்சி தட்டையான மலைகளின் நிழலும் மேலிருந்து பார்த்தால் முக்கோணம்தான். நீண்ட நிழலின் இரு ஓரங்களும் கிட்டத்தட்ட இணையாகத்தான் ஓடுகின்றன. தொலைவு கூடும்போது இணைகோடுகள் சேர்வதாகக் கண்ணுக்குப் படுவதால் அவை ஒரு புள்ளியில் கூடுகின்றன. சூரியனுக்கு நேர் எதிரே உள்ள புள்ளி அது. சூரியன் மறைந்ததும் அதே கிழக்கில் நீலச்சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை மெல்ல எழும்பும். அது பூமியின் நிழல், நம் காற்றுமண்டலத்தின் மேலேயே விழுவது. அதற்கு மேலே இளஞ்சிவப்பாக ஒரு விளிம்பு ஓடும்.

பிறகு புகை. எட்னா ஓய்வாக இருக்கும் நாளிலும் வாயு விட்டுக்கொண்டே இருக்கிறது. பெரும்பங்கு நீராவி, அதோடு கரியமில வாயு, கந்தக டை ஆக்சைடு. பகலில் அது வெள்ளை. நீர்த்துளிகள் எல்லா நிறங்களையும் ஒன்றுபோலச் சிதறடிக்கின்றன. சூரியன் தாழும்போது ஒளி நெடுந்தூரம் காற்றில் பயணப்பட்டு, நீலத்தை வழியிலேயே சிதறவிட்டுச் சிவந்து வருகிறது, புகை ஆரஞ்சாகிறது. நாம் நிற்கும் இடத்தில் சூரியன் மறைந்த பிறகும், நம்மைவிட ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் உயரத்தில் இருக்கும் உச்சிக்கும் அதற்கு மேலே போகும் புகைக்கும் இன்னும் சில நிமிடம் வெயில் உண்டு. அந்த நிமிடங்களில் சரிவு இருண்டிருக்க, புகை மட்டும் செம்பொன்னாகத் தனித்து நிற்கும்.

எரிமலைக்கும் மாலை வானத்துக்கும் உள்ள உறவு ஒரு மலையின் எல்லைக்குள் அடங்குவதில்லை. அதற்குச் சென்னையிலிருந்து ஒரு சாட்சி உண்டு. 1883 ஆகஸ்ட் 26, 27 நாட்களில் சுந்தா நீரிணையில் கிரகடோவா எரிமலை வெடித்தது. அதன் சாம்பலும் கந்தகத் துளிகளும் உயர வளிமண்டலத்தில் ஏறி, நிலநடுக்கோட்டை ஒட்டி மேற்கு நோக்கிப் போய், சுமார் பதின்மூன்று நாளில் உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றின. செப்டம்பரில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நடந்த வெடிப்பையும் தங்கள் தலைக்கு மேலே இருந்த பச்சைச் சூரியனையும் மக்கள் எப்படி இணைத்துப் பார்த்திருக்க முடியும்? சென்னை கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்த சார்ல்ஸ் மிச்சி ஸ்மித் நிறமாலைமானியை அந்தச் சூரியன் பக்கம் திருப்பி ஆராய்ந்து, கண்டதை எழுதி வெளியிட்டார். பின்னாளில் கொடைக்கானலில் சூரிய ஆய்வகத்தை அமைத்து அதன் இயக்குநராக இருந்தவரும் அவரே. பச்சைக்குக் காரணம் துகள்களின் அளவு. மிக நுண்ணிய துகள்கள் நீலத்தைச் சிதறடித்துச் சூரியனைச் சிவப்பாக்கும். ஒளியின் அலைநீளத்தைவிடச் சற்றே பெரிய, எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவான துகள்கள் சிவப்பைக் கூடுதலாகச் சிதறடித்து, பச்சையையும் நீலத்தையும் நம்மிடம் அனுப்பும். அதே ஆண்டின் பிற்பகுதியில் ஐரோப்பா, அமெரிக்கா வானங்கள் மாலைதோறும் தீப்பற்றியதாகச் சிவந்ததும் அந்த வெடிப்பின் துகள்களால்தான்.

எட்னாவுக்குத் திரும்புவோம். இப்போது சூரியன் இல்லை. நண்பகலில் திறந்த வெளியில் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ். சூரியன் மறையும் கணத்தில் சில நூறு. அதிலிருந்து அரைமணி கழித்து மூன்றோ நான்கோதான். நம் கண் தன்னைத் திருத்திக்கொண்டே போவதால் இவ்வளவு பெரிய வீழ்ச்சியை நாம் உணர்வதில்லை. ஆனால் லாவாவின் வெளிச்சம் வீழவில்லை. எட்னாவின் லாவா வெளிவரும்போது 1,050 முதல் 1,100 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அந்தச் சூட்டில் ஒரு சதுர மீட்டர் பரப்பு ஏறத்தாழ 180 கிலோவாட் ஆற்றலை வீசுகிறது. உச்சி வெயில் அதே பரப்புக்குத் தருவது ஒரு கிலோவாட். அப்படியானால் பகலிலும் லாவா கண்ணைப் பறிக்க வேண்டுமே? அந்த ஆற்றலில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வருவது பத்தாயிரத்தில் இரண்டு பங்கு அளவுதான். அதுவும் பெரும்பாலும் நம் கண் அவ்வளவாக உணராத கருஞ்சிவப்பில். வெயிலில் சாதாரணக் கறுப்புப் பாறை எதிரொளிக்கும் வெளிச்சமே அதை அமுக்கிவிடும். போதாததற்கு, ஓடத் தொடங்கிய சில நொடிகளிலேயே லாவாவின்மேல் ஆறிய ஆடை படிந்துவிடுகிறது. பகலில் தொலைவிலிருந்து பார்ப்பவர் கறுப்புக் கற்குவியல் மெல்ல நகர்வதை மட்டும் காண்பது இதனால்தான்.

1847இல் ஜான் வில்லியம் டிரேப்பர் என்ற ஆய்வாளர் ஒரு வியப்பான விதியைக் கண்டறிந்தார். இரும்போ பிளாட்டினமோ கல்லோ, எந்தப் பொருளானாலும் ஏறத்தாழ 525 டிகிரியில்தான் இருட்டில் சிவக்கத் தொடங்கும். நிறத்தைத் தீர்மானிப்பது பொருள் அல்ல, வெப்பநிலை. ஏன் என்பதற்கு மாக்ஸ் பிளாங்க் 1900இல்தான் சூத்திரம் தந்தார். குவாண்டம் இயற்பியல் அங்கிருந்து பிறந்தது. கொல்லன் உலையில் இரும்பின் நிறத்தைப் பார்த்துச் சூட்டைக் கணிப்பதும் இதே விதியால்தான். ஆகவே இருள் கவிந்த பிறகு எட்னாவைப் பார்ப்பவர் கையில் ஒரு வெப்பமானி இருக்கிறது. வாயிலிருந்து இப்போதுதான் எறியப்பட்டது மஞ்சள் கலந்த ஆரஞ்சு, ஆயிரத்துக்கு மேல். விழுந்து உருளும்போது குங்குமச் சிவப்பு; எண்ணூறு அளவில். மங்கிக் கருஞ்சிவப்பானால் அறுநூறை ஒட்டியிருக்கிறது. முற்றாக மறைந்தாலும் ஐந்நூறு டிகிரிச் சூடு அதில் இருக்கலாம்; தொட்டால் கை போகும்.

இருட்டத் தொடங்கும்போது கண்ணுக்குள்ளும் ஒரு மாற்றம் நடக்கிறது. மங்கிய ஒளியில் பார்க்கும் உயிரணுக்கள் சிவப்பை உணர்வதில்லை. அதனால் பக்கத்தில் நிற்கும் சிவப்பு ஜீப் முதலில் கறுத்துப்போகும். அதே நேரத்தில் மலையில் சிவப்பு பிறக்கும். ஒன்று கடன் வாங்கிய ஒளி, மற்றது சொந்த ஒளி.

எல்லா மாலையும் லாவா ஓடாது. பல நாட்களில் தெரிவது வாய்க்கு மேலே உள்ள புகையின் அடிப்பகுதி மட்டும் சிவப்பதுதான். அதையும் கூர்ந்து பார்க்க வேண்டும். சிவப்பு அசையாமல் இருந்தால், குழாயில் மாக்மா மட்டம் உயர்ந்து திறந்த வாயில் கனன்றுகொண்டிருக்கிறது என்று பொருள். விட்டு விட்டு ஒளிர்ந்தால் பெரிய வாயுக் குமிழிகள் மேலேறி ஒவ்வொன்றாக உடைகின்றன. ஒளி தெரிந்து பல நொடி கழித்து அதன் முழக்கம் வந்தால், நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்துப் பாருங்கள். வாய் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்று தெரியும்.

இத்தனையும் நடப்பது சூரியன் மறைந்ததற்குப் பிறகு. ஆனால் சூரியன் மறைந்ததும் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கிவிடும் பயணங்களும் உண்டு. மாலைப் பயணம் என்று பெயர் வைத்துவிட்டு மாலையின் பாதியிலேயே கிளம்புவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. முன்பதிவு செய்யும்போதே, சூரியன் மறைந்த பின் குறைந்தது முக்கால் மணி நேரமாவது மேலே நிற்பார்களா என்று கேளுங்கள். நிலவு வளர்ந்த நாட்களைத் தவிருங்கள். கட்டானியாவில் முப்பது டிகிரி இருந்தாலும் இரண்டாயிரம் மீட்டரில் பதினேழு, பதினெட்டுதான் இருக்கும். காற்றும் அடிக்கும், கம்பளிச் சட்டை அவசியம். அங்கே போனதும் வண்டி விளக்கை அணைக்கச் சொல்லுங்கள், கைபேசியைப் பைக்குள் வையுங்கள். இருட்டுக்குக் கண் பழக இருபது நிமிடம் பிடிக்கும், ஒரே ஒரு முறை திரையைப் பார்த்தாலும் அது முதலிலிருந்து தொடங்க வேண்டும்.